இடது கண்ணும் நகைக்கடையும்

சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு மூளை நின்றுவிடும். கால் மட்டும் தானாக நடக்கும். அப்படி நடந்துதான் ஒரு சனிக்கிழமை தேக்கா கடைத்தெருவில் என் மானம் போனது.

சில வாரங்களாக என் இடது கண் துடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் புது சிஸ்டம் மாற்றிய நேரம். தூக்கமில்லை, காப்பிதான் சாப்பாடு. ஆனால் பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதியாயிற்றே! யாரிடமிருந்து? மேனேஜர் எனக்கு நல்லது செய்ய வாய்ப்பே இல்லை. மிச்சமிருப்பது கணவர். அடுத்த மாதம் கல்யாண நாள். மனிதர் வேறு போனைக் கவிழ்த்து வைக்கிறார், ஏனென்று கேட்டால் முழிக்கிறார். நெக்லஸ்தான், வேறென்ன?

"ஆபிஸ்ல கொஞ்சம் வேல, போயிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். சனிக்கிழமையா? எங்கள் செங்காங் ஸ்டேஷனில் அதே ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறினேன். கறுப்புக் கண்ணாடி, தலையில் துப்பட்டா (துப்பறிகிறேனாம்!). லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கித் தேக்காவுக்குள் நடந்தவர், ஒரு நகைக்கடை வாசலில் நின்றார். என் கண் குதித்தது. 'உள்ள போங்க, போங்க' என்று தூணுக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அவரோ கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குள் நுழைந்தார்.

வெளியே சற்று நேரம் காத்திருந்தேன், பொறுக்க முடியவில்லை. கவுண்டர் பெண் கூப்பிடக் கூப்பிட, டாக்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு போனேன்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

கையில் பட்டை சுற்றி உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டார். "பிரஷர்தான்டி. சொன்னா நீ டென்ஷனாவியேன்னு..."

"சொல்லாம இருந்தா மட்டும்?" அழுதேவிட்டேன்.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "கண்ணாடிய எடுங்க. இந்தக் கண்ணு எவ்ளோ நாளா துடிக்குது?"

"அது நல்லதுக்குத்தான் டாக்டர்."

"ஸ்ட்ரெஸ்லா அது! தூங்குறீங்களா இல்லியா?"

என்னை உட்கார வைத்து, ஆசுவாசப்படுத்தி, எனக்கும் பிரஷர் பார்த்தார். கணவரைவிட எனக்குத்தான் அதிகம். எட்டிப் பார்த்த கணவர் (பாவி மனுஷன்!) பல நாளைக்கப்புறம் அன்றுதான் சிரித்தார்.

காப்பியைக் குறைக்கணும், நேரத்துக்குத் தூங்கணும், ராத்திரி ஆபிஸ் மெயில் கூடாது, சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கணும் என்றார் டாக்டரம்மா. (கணவர்தான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.)

இப்போது தினமும் நடக்கிறோம். அவருக்கு மாத்திரையில் பிரஷர் அடங்கிவிட்டது, எனக்குப் பிரஷரோடு கண்ணும் அடங்கிவிட்டது. நெக்லஸ் மட்டும் வரவில்லை. தேக்கா பக்கம் போகும்போது நகைக்கடை வாசலில் நின்றால் போதும், கேட்பார்.

"கண்ணு துடிக்குதா?"

"இல்லியே."

"அப்ப ஒண்ணும் வராது. நடடி!"