கைமணம் காக்காவின் குளிசை

கல்முனை முழுவதும் தேடினாலும், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான கைமணம் காக்காவைப் போல வியாபாரத்துக்கு உதவாத மருந்துக்கடைக்காரர் கிடைக்கமாட்டார். வயிற்றைப் புண்ணாக்கும் குளிசை மாத்திரை எதுவானாலும், வாங்க வந்தவர் சோறு தின்றாரா என்று கையை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். சோற்றில் பிசைந்த ஆணம் மணந்தால் குளிசை. கை கழுவிய சவர்க்காரம் மட்டும் மணந்தால், "வீட்ட போய்த் திண்டுட்டு வா மனே." கரண்டியால் சாப்பிட்டுவிட்டு வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் அரைமணி நேரம் வாதாடித் தோற்றுப்போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, தலையிடி போகவில்லை. வெள்ளிக்கிழமையோ எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெண்வீட்டார் என்ன நினைப்பார்கள்? டொக்டர் அழற்சியைத் தணிக்கும் குளிசை எழுதி, "சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று நாளைக்கு மட்டும்" என்றார்.

வாயெல்லாம் கசப்பு. ஒரு பிடி சோறு இறங்கவில்லை. உம்மாவின் மீன் சட்டிக்குள் கையை விட்டெடுத்து, லேசாகத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போய் நீட்டினேன்.

காக்கா கண்ணை மூடி மணந்தார். "சூரை மீன் ஆணம். நல்ல புளி."

"ஓம் காக்கா, வயிறு முட்டத் திண்டன்."

"இந்தக் கையாலயா?"

அப்போதுதான் பார்த்தேன். என் வலதுகை நெற்றியை அமத்திக்கொண்டிருந்தது. நீட்டியது இடதுகை. சட்டிக்குள் போனதும் அதுதான்.

"முப்பது வருசமாக் கை மணக்கிறன். இடக்கையால திண்ட முஸ்லிமை இண்டைக்குத்தான் காணுறன். வா உள்ளுக்கு!"

ஏச்சு விழும் என்றுதான் போனேன். அவரோ தன் பகல் சோற்றுப் பார்சலை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். "வெறுவயித்துல இதப் போட்டா தலையிடி வயித்துக்கு இறங்கிரும். தின்னு."

தேசிக்காய் பிழிந்து, கசக்கக் கசக்க முழுவதையும் தின்னவைத்தார். என் வலதுகையை மணந்த பிறகுதான் குளிசை கைக்கு வந்தது. "மூணு நாளையில நிக்காட்டி என்னட்ட வராத, டொக்டரிட்டப் போ."

அன்று அந்திவரை அவர் வெறும் தேத்தண்ணியோடு இருந்தாராம். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமையே தலையிடி விட்டுவிட்டது. கலியாணப் பந்தலில் காக்கா ஒரு மூலையில் நின்று, "தலை எப்படி மனே?" என்று கேட்டார். நான் அவர் வலதுகையைப் பிடித்து மணந்து பார்த்தேன். சவர்க்காரம்தான் மணந்தது.

"இன்னும் தின்னல்லயா காக்கா?"

மாப்பிள்ளைக்கென்று வைத்த சகனில், எல்லாரும் சேர்ந்து தின்னும் அந்தப் பெரிய தட்டில், அவரை இழுத்துவந்து என் பக்கத்தில் இருத்தினேன். அவர் கையை விட எனக்கு மனம் வரவில்லை.