'ஃபாட்' என்ற சொல்லின் பூர்வீகம்

வியன்னாவில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு குமாஸ்தா ஒட்டிலி. மதியம் அலுவலக உணவகத்தில் மாட்டெலும்பு சூப்பைக் குடித்தவள், புகார்ப் புத்தகத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: 'ஃபாட்'. சப்பென்று இருக்கிறது என்று அர்த்தம். ஊரே வாயால் சொல்லும் சொல்தான். எழுதியதால் அது ஆவணமாகிவிட்டது.

மறுநாள், 'ஹோஃப்ராட்' என்ற அரசுப் பட்டம் பெற்ற மேலதிகாரி ப்ரோஹாஸ்கா கூப்பிட்டனுப்பினார். மேசையில் மூன்று தடித்த அகராதிகள்.

"இந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு தெரியுமாம்மா?"

"எங்க அம்மாகிட்டேருந்துங்க ஐயா."

"லத்தீன்லேருந்து! அங்க 'ஃபாத்துவுஸ்'னா சப்புன்னு இருக்கறது, முட்டாள்னும் அர்த்தம். சூப்பு அரசாங்கத்தோடது. ஆக, அரசாங்கத்தை முட்டாள்னு எழுத்துமூலமா சொல்லியிருக்கீங்க."

"உப்பு இல்லேன்னுதான் ஐயா..."

"உப்பைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லையே!"

ஒட்டிலி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வேலை நிரந்தரமாக இன்னும் நாலே மாதம்.

மேற்படி சொல்லின் பொருள், பூர்வீகம், உள்நோக்கம் ஆகியவற்றை ஆராய ஐவர் குழு அமைந்தது. பன்னிரண்டு முறை கூடிச் சூப்பு குடித்தார்கள். முதல் கரண்டியிலேயே ஐந்து முகமும் சுருங்கும். விசாரணையில் இருக்கும் சொல்லை உச்சரிக்கக் கூடாதென்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது: 'சூப்பு நடுநிலை வகிக்கிறது. நடுநிலையே நம் நாட்டின் கொள்கை. ஆகவே சூப்பு தேசபக்தியுள்ளது.' ஒட்டிலி மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் தப்பித்தாள்.

அன்றே சமையற்காரி ஸ்டென்கா மாடியேறி வந்தாள்.

"ஏம்மா, உப்பு தீர்ந்து அஞ்சு மாசமாச்சு. வாங்கச் சொல்லி மனு குடுத்தேனே, அது எந்தக் கிணத்துல விழுந்துச்சு?"

"யார்கிட்ட குடுத்தே?"

"உன்கிட்டதான், தாயே!"

ஒட்டிலி காகிதக் கட்டைப் புரட்டினாள். அடியில் இருந்தது மனு. மேலே அவளுடைய கையெழுத்தில்: 'அவசரமில்லை.'

இப்போது மேலே அனுப்பினால், தேசபக்தியில் உப்புக் குறைவு என்று ஆகிவிடும். நிரந்தர வேலையை ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். 'நடுநிலை பாதிக்கப்படும். நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கினாள்.

மூலை மேசையில் ஹோஃப்ராட், பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தன் சூப்பில் தூவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கை நின்றது.

"மருந்தும்மா," என்றார்.

ஒட்டிலி அவர் எதிரில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினாள்.

"எனக்கும் உடம்பு சரியில்லங்க ஐயா."