கழுத்தை நீட்டாத மணப்பெண்

“என் அறுபதாங் கல்யாணத்துக்குத் திருமலை நாயக்கரே நேர்ல வந்து அட்சதை போடுவாரு!”

வண்டியூர் டீக்கடையில் கருத்தக்கண்ணன் இப்படிச் சொன்னதும், பொங்கி வந்த பாலே ஒரு கணம் அடங்கிவிட்டது. மதுரையில் மகாலைக் கட்டிய அந்த ராஜா மறைந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கருத்தக்கண்ணன் பொய் சொல்பவர் அல்லர். உண்மைக்குக் கொஞ்சம் உரம் போடுவார், அவ்வளவுதான்.

அவர் வீடு போவதற்குள் செய்தி போய்விட்டது.

“மொதக் கல்யாணத்துக்கு யானை ஊர்வலம்னீங்க. வந்தது செங்கச்சூளை டிராக்டரு” என்றாள் மனைவி இருளாயி. “அப்ப எங்கய்யா சொன்னாருன்னு கழுத்த நீட்டுனேன். இந்தத் தடவ ராசா வரட்டும், நீட்டுறேன். வரலேன்னா தாலிய உங்க கழுத்துலயே கட்டிக்கங்க!”

ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இவள் கழுத்தை நீட்டாவிட்டால் தெப்பக்குளத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது. ராஜா வராவிட்டால் என்ன, ராஜா வீட்டுக்கே போய்த் தாலி கட்டிவிடுவோம் என்று மகாலில் ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தார்.

வாசலில், பூஜைச் சாமான் உள்ளே கூடாது என்றார்கள். மாலைகளும் அட்சதையும் மஞ்சப்பைக்குள் போயின. தேங்காய் மச்சினன் ஜெயபாண்டியின் சட்டைக்குள் போனது.

“வயித்துல என்னண்ணே?”

“குடலிறக்கம்ணே.”

பாவம் என்று அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், எல்லாருக்கும் தெரிகிற முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

விளக்கு அணைந்தது. “யாரங்கே!” என்று ராஜாவின் குரல் அதிர்ந்தது.

“கேட்டியா? வந்துட்டாரு! கழுத்த நீட்டு!”

“ஸ்பீக்கர்ல கத்துனா வந்ததாகுமா? நேர்ல வரணும்.”

ராஜாவின் குரல் மறுபடி அதிர்ந்ததில் ஜெயபாண்டி துள்ளி எழ, தேங்காய் நழுவித் தூணில் மோதிச் சிதறியது. சத்தம் அழகர்மலை வரை கேட்டிருக்கும். ராஜா பீரங்கி வெடிக்கிறார் என்று கூட்டம் கைதட்டியது.

டார்ச் வெளிச்சம் வந்தது. பின்னால் பெரிய மீசையோடு ஒரு காவலாளி.

“எங்க மகால்ல என்னய்யா பண்றீங்க?”

கருத்தக்கண்ணன் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னார். “இவ கழுத்த நீட்டலேன்னா என் மானம் போயிரும்ணே!”

காவலாளி மீசைக்குள் சிரித்தார். மஞ்சப்பையில் கைவிட்டு அட்சதை எடுத்தார். “சட்டுனு கட்டிட்டுக் கெளம்புங்க. நல்லா இருங்கத்தா.”

இருளாயி அசையவில்லை. “ரொம்ப சந்தோசம்ணே. ஆனா இந்தாளு சொன்னது நடக்கலையே. உங்க பேரு என்னண்ணே?”

“திருமலை, ஆத்தா. வாடிப்பட்டி நாயக்கர் வீட்டுப் பிள்ள.”

இருளாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டினாள்.

“நேர்லயே வந்துட்டாருய்யா. கட்டித் தொலைங்க.”