புல்லு அங்கிளும் வராத விசாவும்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பயந்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். அதைக் கையெடுத்துக் கும்பிட்டவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் அமெரிக்க ஊரான மான்மவுத் ஜங்ஷனின் புல்லு அங்கிள்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் எல்லார் போனிலும் அவர் புல்லு அங்கிள்தான். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். சாஃப்ட்வேர் வேலையில் தலை நரைத்து, ஒருநாள் மீட்டிங் நடக்கும்போதே எழுந்துபோய்ப் புல்வெட்டும் மெஷின் வாங்கிவிட்டார் என்று பேச்சு. அதுவே பிறகு கம்பெனி ஆயிற்று. எங்கள் ஊர்த் தமிழர்கள் எல்லாரும் புல் வெட்ட ஆள் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆளே தமிழராக இருந்தது எங்களுக்கெல்லாம் பழகிப்போன விஷயம், எங்கள் அம்மாக்களுக்கெல்லாம் அதிர்ச்சி.

பிறந்தநாள் விழாவில் புது முகத்தைப் பார்த்தால் நேரே போய் நிற்பார். "பேரு கெடக்குது கண்ணு. ஸ்டேட்டஸ் என்ன?" ஒரே கம்பெனியில் மட்டும் வேலை பார்க்க விடும் ஹெச்-1பி விசா என்றால் தோளைத் தட்டுவார். கிரீன் கார்டு என்றால் கை குலுக்குவார். மகளின் பிரசவத்துக்கு விசிட்டர் விசாவில் வந்திருந்த ஒரு மாமியிடம், "பேரனுக்கு டயப்பர் மாத்துறீங்க, சரி. சம்பளம் கிம்பளம் வாங்கிப்போடாதீங்க" என்று எச்சரித்தார். மாமி அன்று முழுக்கக் குழந்தையைத் தொடவில்லை.

ஒருமுறை என் வீட்டு வாசலில் டிரக்கிலிருந்து மெஷின் சரிந்து அவர் கால்மேல் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன்.

"இரு! கிரீன் கார்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"அப்ப கையெடு! ஹெச்-1பிய வெச்சுக்கிட்டு என்ற மெஷினத் தொடறயே, உருப்படுவியா? போயி சிட்டிசனாப் பாத்துக் கூட்டிட்டு வா!"

"அங்கிள், இது வேலை இல்ல, ஹெல்ப்பு. லாயரையே கேட்டுப் பாருங்க."

"உன்ற லாயரு என்ன விசாவுலயா இருக்கான்?"

எதிர்வீட்டு வெள்ளைக்காரர் வந்து தூக்கும்வரை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறோம், ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வேலையில்லாமல் இருந்த ஒரு காலத்தில் யாரோ கடையில் கணக்கில் வராத கைக்காசுக்கு வேலைக்கு நிற்கக் கூப்பிட, நான் போக இருந்தேன். தடுத்தது இவர் கத்திய கத்தல்தான். பின்னால் கிரீன் கார்டு இன்டர்வியூவில் எந்தக் கேள்விக்கும் நான் எச்சில் விழுங்க வேண்டியிருக்கவில்லை. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

அவருடைய ஆட்கள் மெக்சிகோக்காரர்கள். பனி உருகும்போது வந்து, இலை உதிர்ந்து முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டிய பருவகால வேலை விசா. ஒவ்வொரு குளிர்காலமும் அங்கிள் அதே ஆட்களுக்கு மறுபடி அப்ளை பண்ணுவார். "என்ற பசங்க" என்பார். பசங்களில் மூத்தவரான மேஸ்திரி ரமோன் பேரன் எடுத்தவர். அங்கிள் அவரிடம் பேசுவது சுத்தமான ஈரோட்டுத் தமிழ், ரமோன் பதில் சொல்வது ஸ்பானிஷ். இருவரும் ஒருநாளும் அர்த்தம் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு வருஷம் விசா வரவில்லை. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான் என்று ஒதுக்கீடு உண்டு, அது தீர்ந்துவிட்டது. அடுத்த ஒதுக்கீடு வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. புல்லுக்கு இதெல்லாம் புரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது.

அங்கிளின் பெரிய கான்ட்ராக்ட் ஓர் அபார்ட்மென்ட் வளாகம். அது கைவிட்டுப் போனால் அரசாங்கத்திடம் காட்டுவதற்கு வேலை இல்லை, வேலை இல்லாமல் அடுத்த வருஷம் விசா கேட்க முடியாது. ரமோனும் மற்றவர்களும் அதோடு சரி. அங்கிள் சாப்பாட்டைக் குறைத்தார். தினமும் வீடியோ காலில் போனைப் புல்லுக்குக் காட்டுவார். அந்தப் பக்கம் ரமோன் தலையில் கை வைத்துக்கொள்வார்.

உள்ளூரில் விளம்பரம் செய்ததற்கு ஒரே ஒரு பையன் வந்தான். மத்தியானம் சாப்பிடப் போனவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கடைசியில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: ஆட்கள் தேவை. சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு கட்டாயம். புல் வெட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ரிட்டயர் ஆன கூட்டம் திரண்டு வந்தது. தலைமை, மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற பத்மா ஆன்ட்டி. அங்கிள் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டார். ஹெச்-1பி கும்பலான எங்களுக்கு வேலிக்கு வெளியே நின்று கைதட்ட மட்டும் அனுமதி.

அங்கிள்கள் வெட்டிய புல் அம்மை போட்டு இறங்கிய முகம்போல இருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். களை எடுக்கப் போன ஆன்ட்டிகள் செய்ததுதான் விபரீதம். பூச்செடிப் பாத்திகளில் பருப்புக்கீரையும் முளைக்கீரையும் தானாக முளைத்துத் தளதளவென்று நின்றன. தமிழ்ப் பெண்மணிகளுக்குக் கீரையைப் பிடுங்க எப்படி மனசு வரும்? பேர் தெரியாத அலங்கார இலைச்செடிகளை எல்லாம் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு, கீரைக்குத் தண்ணீர் பாய்ச்சி, சுற்றிலும் கல் அடுக்கி வைத்தார்கள்.

வளாகத்து மேனேஜர் லிண்டா வந்து பார்த்தாள். பத்மா ஆன்ட்டி பெருமையாக, "வெரி குட் ஃபார் அயர்ன், லிண்டா" என்றார்.

அங்கிள் ஓடிவந்தார். ஏதாவது கதை விடுவார் என்று நினைத்தேன். "தப்புங்க மேடம்" என்று தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷுக்குத் தாவினார். என் ஆட்களுக்கு விசா வரவில்லை, இவர்கள் டாக்டர்கள், ஆடிட்டர்கள், பிடுங்கிய செடியெல்லாம் நான் வாங்கி வைக்கிறேன், இந்தக் கான்ட்ராக்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் என் ஆட்களைத் திரும்பக் கூப்பிட எனக்கு வழியில்லை என்றார். லிண்டா கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்தாள். "ரமோன் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். குடியிருப்பவர்களுக்கு வளாகம் வைக்கும் ஜூலை விருந்துக்குள் இடம் ஒழுங்காக வேண்டும், இல்லையென்றால் வேறு கம்பெனி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஒதுக்கீட்டில் விசா வந்தது. விருந்துக்கு முந்தைய வாரம் வேன் வளாகத்துக்குள் நுழைந்தது. "லேட்டா வந்ததுக்கு நாலு விடு விடறேன் பாரு" என்று காலையிலிருந்து கறுவிக்கொண்டிருந்த அங்கிள், ரமோன் இறங்கியதும் அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

ரமோன் புல்லைச் சுற்றிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், துக்க வீட்டில் நிற்பதுபோல.

மத்தியானம் மரத்தடியில் எல்லாருக்கும் ஆன்ட்டிகளின் சாப்பாடு. சாதத்தின்மேல் பாத்தியில் பறித்த பருப்புக்கீரைக் கூட்டு விழுந்ததும் ரமோன் குனிந்து முகர்ந்தார். "வெர்தோலாகாஸ்!" என்று கத்தினார். மற்றவர்களும் தட்டை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். பருப்புக்கீரைக்கு ஸ்பானிஷில் அதுதான் பெயராம், அவர்கள் ஊரிலும் வீட்டுச் சமையலாம். ரமோன் அங்கிளையும் ஆன்ட்டிகளையும் இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கீரை மண்டிய ஒரு மூலையைக் காட்டினார். வருஷா வருஷம் அங்கே அவர்கள் மெஷினை விட்டதே இல்லையாம்.

"அடப் பாவிகளா! இத்தன வருசமா என்ற சைட்டுல கீர போட்டு வெச்சிருந்தீங்களாடா?" என்று அங்கிள் குதித்தார். குதித்துக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்து ரமோன் தட்டில் போட்டார். "தின்னு. பாரு, எப்படி இளைச்சுப் போயிட்ட."

இந்த நாட்டு ஏர்போர்ட்டுகளில் நான் எத்தனையோ முறை வந்து இறங்கியிருக்கிறேன். எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இளைத்துவிட்டாயே என்று யாரும் சொன்னதில்லை. அன்று எனக்கு ரமோன்மேல் பொறாமையாகவே இருந்தது. வழக்கம்போல வேலிக்கு வெளியே நின்றிருந்தேன்.

அங்கிள் கரண்டியோடு திரும்பினார்.

"நீயென்னத்துக்குக் கண்ணு அங்கயே நிக்கற? சாப்பிடறதுக்கெல்லாம் விசா கேக்க மாட்டாங்க. உள்ள வா. நீயுந்தான் இளைச்சுக் கெடக்கற."