என் வலைப்பதிவில் குடியிருந்த மனைவி குறித்து

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலத்தைக் கதவு திறந்திருந்தால் நேரிலேயே விசாரித்திருப்பேன். திறக்காததால் எழுதிக் கேட்கிறேன். முட்டி வலி தேவலையா? 'மாமா' என்று கூப்பிடும் உரிமை ரத்தாகிவிட்டதாகப் போன மாதம் ஜன்னல் வழியாகச் சொன்னீர்கள். பதிலுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லவில்லை, ஆகவே பழையதே நீடிக்கிறது. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனைவி இல்லை. குழந்தைகள் இல்லை. மூன்று கால் பூனையும் இல்லை. உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள எனக்கு எந்தத் தடையும் கிடையாது, நீங்கள் ஒருவரைத் தவிர.

எல்லாம் நீங்கள் கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. முதல்முறை உங்கள் வீட்டுக் கூடத்தில் என்னை உட்கார வைத்து, "தம்பி, என்ன வேலை பாக்கறீங்க?" என்றீர்கள். சர்வரில் ஓடும் மென்பொருள் எழுதுகிறேன் என்றேன். "அதைக் கண்ணால பாக்க முடியுமா?" முடியாது மாமா, நல்லா வேலை செஞ்சா யாருக்குமே தெரியாது என்றேன். "செய்யலன்னா?" எல்லாருக்கும் தெரியும் என்றேன். "அப்ப உங்க பேரு வெளியில தெரியாம இருக்கறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரிக்கவில்லை. அத்தை சமையலறையில் சிரித்தார். அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர் நீங்கள், மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்திருக்கும் தாளைக்கூடக் கடைசி வரி வரை படிப்பவர் என்று உங்கள் மகள் முன்பே எச்சரித்திருந்தாள். "நான் எதையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன். நீங்க எழுதினது எதையாவது கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டீர்கள்.

சரி, ஒரு வலைப்பதிவு தொடங்கி, என் வேலையைப் பற்றி நாலு கட்டுரை எழுதிக் காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் வலைப்பதிவு அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் நான் இஞ்சினியர், ஐந்து நிமிடத்தில் முடிவது எனக்குக் கௌரவக் குறைச்சல், எனவே ஓப்பன் சோர்ஸ் பக்கம் போனேன். அதாவது எவரோ எழுதிய மென்பொருளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது. அழகான டெம்ப்ளேட் ஒன்றை, அதாவது பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளும் தயார்ப் பக்கங்களை, இறக்கினேன். கூடவே நீளமாக ஒரு விளக்கக் குறிப்பு இருந்தது, முதல் மூன்று வரி படித்தேன், போதும் என்று தோன்றியது. அதன் கடைசி வரியில் 'வெளியிடும் முன் மாதிரிப் பக்கங்களை நீக்கவும்' என்று இருந்ததை எனக்குப் பிற்பாடு காட்டியவர் நீங்கள்தான். அமைப்புக் கோப்பில் என் பெயரைப் போட்டேன், என் போட்டோவைப் போட்டேன், ஓட்டினேன். அது இன்னொரு மென்பொருள் வேண்டும் என்றது, அதை நிறுவினால் அது மூன்றாவதைக் கேட்டது, மூன்றாவது வந்தவுடன் முதலாவது இது ரொம்பப் புதுசு, எனக்குப் பழசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது, மதியச் சாப்பாடு ஆறி அவலாகப் போனது, ஒருவழியாகத் தளம் ஏறியபோது நிறமும் இல்லை கட்டமும் இல்லை, வெள்ளைத் தாளில் வெறும் எழுத்து. அந்த நேரம் பார்த்து, நான் கொடுத்திருந்த முகவரியைத் திறந்த நீங்கள் போன் செய்து "இது நல்லா இருக்கே, திருத்தறதுக்கு வர்ற பிரதி மாதிரி" என்றீர்கள். நீங்கள் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான், அதுவும் தளம் உடைந்திருந்தபோது.

மறுநாள் சரி செய்தேன். முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. முதல் பக்கத்தைத் தாண்டி நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.

"தம்பி, முதல் பக்கத்துல மூணு பிழை. அது போகட்டும். 'என்னைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்கே, அது யாரு எழுதினது?"

"நான்தான் மாமா. எல்லாமே நானே செஞ்சது. இன்னொருத்தர் கை படல."

"எழுதினதெல்லாம் உண்மையா?"

"நூத்துக்கு நூறு."

போனில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டீர்கள்: "அப்ப பூனைக்கு எந்தக் கால் இல்ல?"

திறந்து பார்த்தேன். மேலே என் போட்டோ, பல்லெல்லாம் தெரிகிறது. கீழே டெம்ப்ளேட்காரன் மாதிரிக்கு வைத்திருந்த வாசகம்: 'என் அன்பு மனைவியோடும், இரண்டு குறும்புக் குழந்தைகளோடும், மூன்று கால் பூனையோடும் மகிழ்ச்சியாக வாழ்கிறேன்.' உடனே அழித்துவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் கணினியோ பழைய பக்கத்தைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தை அழுத்துங்கள் என்றேன்.

"அழுத்திட்டேன். மனைவி இருக்காங்க."

"மறுபடி அழுத்துங்க மாமா."

"குழந்தைங்களும் இருக்காங்க. நல்லா இருக்கட்டும், நான் எதுக்கு மிஸ்டர் அவங்களை அழுத்தணும்?"

அன்றோடு 'தம்பி' போய் 'மிஸ்டர்' வந்தது. மறுநாள் உங்கள் கணினி மனசு மாறி அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது, ஆனால் நீங்கள் விடவில்லை, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த இணைப்பையும் அழுத்திவிட்டீர்கள். உலகத்தில் அதை அழுத்திய முதல் ஆள் நீங்கள்தான் மாமா. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேனே, அது இதுதான். தளத்தில் எந்த மாற்றம் செய்தாலும் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரிகள் எல்லாம் தேதி, நேரத்தோடு அங்கே வரிசையாகத் தெரியும். அவசரத்தில் நான் எழுதியது: 'மனைவியும் இரண்டு குழந்தைகளும் நீக்கம்.' நாலு நிமிடம் கழித்து: 'பூனை விட்டுப்போனது. அதுவும் முடிந்தது.'

நீங்கள் அதை அச்செடுத்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'நீக்கி எங்கே வைத்திருக்கிறீர்?' என்று எழுதி அனுப்பினீர்கள். "வாயில்லா ஜீவன், அதையுமா?" என்று அத்தை போனில் கேட்டார். நான் பதறிப்போய் அந்த வரிகளையே அழித்தேன். அது அதைவிடப் பெரிய மடத்தனம். உங்களிடம் பிரதி இருந்தது, இப்போது தடயத்தை அழித்த குற்றமும் சேர்ந்துகொண்டது. அன்று மதியம் உங்கள் மகள் என் அறைக்கு வந்தாள். இந்த விவகாரத்தில் இன்றுவரை வயிறு வலிக்கச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். நான் கீபோர்டை விட்டு நிமிரவில்லை. ஏதோ ஒரு தாளை நீட்டி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு" என்றாள். படிக்கிற நிலையிலா இருந்தேன்? அவள் விரல் வைத்த இரண்டு இடத்திலும் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அடுத்து, அந்த மனைவி மக்கள் உம்முடையவர்கள்தான் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும்படி டெம்ப்ளேட்காரனுக்கு எழுதினேன். பதில் வந்தது. அந்த வாசகத்தை அவரும் வேறொரு டெம்ப்ளேட்டிலிருந்துதான் எடுத்தாராம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். தளம் பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லவும் என்று முடித்திருந்தார். வலையில் தேடினேன். நானூற்றுப் பன்னிரண்டு ஆண்கள் அதே மனைவி, அதே குழந்தைகள், அதே பூனையோடு மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவனும் விளக்கக் குறிப்பைக் கடைசி வரை படிக்கவில்லை. பட்டியலை அச்செடுத்து உங்கள் கதவிடுக்கில் போட்டேன். "பெரிய கும்பலா இருக்கும் போல" என்று உள்ளே இருந்து உங்கள் குரல் கேட்டது. மாமா, உங்களுக்கு என்னதான் வேணும்? இல்லாத பொண்டாட்டியை நான் எங்கேர்ந்து கூட்டிட்டு வந்து இல்லன்னு காட்டறது?

கோபம் வந்துவிட்டது, மன்னிக்கவும். முடிவாகச் சொல்கிறேன். எனக்கு மனைவி இல்லை, உங்கள் சம்மதம் இல்லாமல் வரப்போவதும் இல்லை. எத்தனை மாதம் ஆனாலும் காத்திருக்கிறேன். உங்கள் முட்டி வலி குறையவும், கண்பார்வை இதே கூர்மையோடு நூறாண்டு நிலைக்கவும் (வேறு வழி?) வாழ்த்துகிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மருமகனாக வேண்டியிருந்து தற்சமயம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் நான்.

பி.கு.: மேலே இருப்பதை நேற்று எழுதினேன். இன்று அதில் ஒரு பிழை முளைத்துவிட்டது. 'எனக்கு மனைவி இல்லை' என்பது காலை பதினொன்றே கால் மணி வரைக்கும்தான் சரி. இப்போது இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தவர்தான்.

நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது திருமண நோட்டீஸாம். முப்பது நாள் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்ததாம், நீங்கள் தினமும் நடைப்பயிற்சிக்குப் போகும் அதே தெருவில். எதைக் கண்டாலும் நின்று படிக்கும் நீங்கள், என் தளத்தைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து நடக்கவே போகவில்லை. அந்தத் தளத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பலன் இது. காலையில் உங்கள் மகள் போன் செய்து, "வெள்ளைச் சட்டை இருக்கா? போட்டுட்டு வா" என்றாள். போய் நின்ற இடம் பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்தில் முதல் ஆள் அத்தை. "இவர் படிச்சு, திருத்தி, சரின்னு சொல்றதுக்குள்ள என் பொண்ணுக்குத் தலை நரைச்சிடும் மாப்பிள்ளை, போடுங்க" என்றார். பதிவாளர் நீட்டிய தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் போட்டேன். பிழை இல்லை.

'என்னைப் பற்றி' பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். இன்னும் வெளியிடவில்லை, பிரதி இத்துடன் இருக்கிறது. சிவப்பு மையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், 'மனைவி சேர்க்கப்பட்டார்' என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மூன்று பேரும் வாசலில்தான் நிற்கிறோம். கடைக்குப் போவதாகச் சொல்லி அவசரத்தில் கிளம்பிய அத்தை சாவியை உள்ளேயே விட்டுவிட்டார். நீங்கள் எதையும் கடைசி வரி வரை படிப்பவர் என்ற ஒரே நம்பிக்கையில் அந்த வரியை எழுதுகிறேன்.

கதவைத் திறங்க, மாமா.