இரண்டாவது தளத்தில் ஒரு தொட்டில்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தொட்டிலுக்குப் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஒரு பெண் குரல், "இரண்டாவது தளம்" என்றது. அவள் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். பேயாக இருந்தால் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லி விரட்டியிருப்பாள். இது லிஃப்ட்.

சதுக்கத்தின் தொன்மையைப் பேணும் உயரிய நோக்கத்தோடு, பழைய அலுவலகத்தை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். இடித்தபோது ஒட்டியிருந்த அவள் மாடி வீட்டுப் படுக்கையறைச் சுவரும் கூடவே போய்விட்டது. இப்போது அந்தப் பக்கம் ஒரு போர்வை தொங்கியது. போர்வைக்கு அப்பால் அரசாங்கம்.

காலையில் போர்வையை விலக்கிக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

"சார், எங்க சுவரு..."

"அது பொதுச்சுவர்மா. எங்க பாதியை நாங்க இடிச்சோம். உங்க பாதி தானா விழுந்துச்சுன்னா அது இயற்கைச் சீற்றம். அதுக்கு வேற துறை."

"புதுசா ஒண்ணு கட்டிக் குடுங்களேன்."

"இந்தக் கட்டடத்துல சுவரே கிடையாது. எல்லாம் வெளிப்படை. இப்ப உலகம் பூரா இதான் ஃபேஷன்."

"குழந்தை தவழுது சார். நேத்து லிஃப்ட் வாசல் வரைக்கும் போயிட்டா."

"தெரியும். பார்வையாளர் அட்டை மாட்டித்தானே திருப்பி அனுப்பினோம்? அட்டை இன்னும் வந்து சேரல."

"அவ கடிச்சுக்கிட்டிருக்கா."

கணவனிடம் சொல்லி அழுதாள். "ஏசி காத்து சும்மாதானே வருது, விடு" என்று அவன் போர்வையை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டான்.

கடைசியில் ஒரு விதி அவளுக்காக இரங்கியது. பழைய கட்டடத்தின் பொருள் ஏதாவதொன்றை அதே இடத்தில் காக்க வேண்டுமாம். அதன் தேக்குக் கதவைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், மாட்டத்தான் இடமில்லை. அவள் படுக்கையறை ஓட்டை கண்ணில் பட்டது. கதவுக்கு நிலை வேண்டும், நிலைக்குச் செங்கல் வேண்டும் என்று, சுவர் என்ற பேச்சே எடுக்காமல் ஒரு சுவர் எழும்பியது. அலுவலக மொழியில் அது 'கதவின் துணை அமைப்பு'.

தச்சர் பித்தளைத் தாழ்ப்பாளை அவள் பக்கமாகப் பொருத்திவிட்டு, "இனிமே நிம்மதியாத் தூங்கும்மா" என்று போனார். அவள் தாழ்ப்பாளில் கை வைத்ததுதான் தாமதம், கதவு தட்டப்பட்டது.

அதிகாரி நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. புதுக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண் அசருவதைச் சதுக்கமே கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்தது. முந்தின நாள் கைதட்டலும் கிடைத்திருந்தது.

"தங்கச்சி, தொன்மைக் கதவை உள்பக்கமிருந்து ஆய்வு செய்யணும். ஆய்வு நேரத்துல பொதுமக்கள் உள்ள இருக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"தலகாணி இருக்கா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தாள். இடுப்பு கடுத்தது. காலியாக இருந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பெரியவர் மனுவோடு வந்து கும்பிட்டார்.

"அம்மா, எங்க வீட்டுச் சுவரையும் இடிச்சுட்டாங்க. நடையா நடக்கிறேன்."

குழந்தை அட்டையைக் கடித்தபடி அவரைப் பார்த்தது. நாற்காலி மெத்தென்றிருந்தது.

"நாளைக்கு வாங்க" என்றாள் அவள்.

பின்னால், தேக்குக் கதவுக்கு உள்ளிருந்து, தாழ்ப்பாள் விழுந்தது.