நோய் வராத வீடு

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிரம் சித்தரின் வாசலில் வரிசையில் நின்றது. நீல பிளாஸ்டிக் டிரம் தண்ணீருக்குள் கையை முழங்கைவரை விட்டுக் கலக்குவார், கண்ணை மூடுவார், ஒரு குவளை ஊற்றுவார். குடித்தவர்கள் மறுநாள் ஓட்டமாக ஓடினார்கள். பக்தியில் அல்ல, கழிப்பறைக்கு.

"உள்ளே இருக்கிற கெட்டது வெளியே போகுது" என்றார் சித்தர். போனது என்னவோ உண்மைதான். உண்டியல் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

அதே தெருவில் தையல்காரியின் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் அந்தத் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

"தெருவே படுத்துக் கிடக்குது, இவ மட்டும் ஜம்முனு மிஷின் மிதிக்கிறா! நோயை ஏவி விட்டவளே இவதான்!"

சித்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் ஆரோக்கியம் குற்றமாயிற்று. வீட்டுக்காரர் வயிற்றைத் தடவியபடி வந்தார். "நாளைக்குக் காலி பண்ணிடும்மா."

தையல்காரி மிதித்த மிதியில் ஊசி ஒடிந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்?

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் சிரித்தாள். "அழாதீங்க அண்ணி. கிருமிக்கும் வம்சம் இருக்கு. மரபணுவைப் பாத்தா எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிடும்."

அவள் கேட்டபடி டிரம் தண்ணீரையும் தையல்காரி வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் வீட்டுக்காரரே பிடித்துக் கொடுத்தார். எது எதுவென்று தெரிய, ஒரு குப்பியின் அடியில் மட்டும் மையால் புள்ளி வைத்தார். நோயாளிகளின் மலமும் ஆய்வகத்துக்குப் போனது.

முடிவு வந்த அன்று தெருவே கூடியிருக்க, நாத்தனார் அதே குப்பிகளைச் சித்தர் முன் வைத்தாள். "இதுல எது எங்க அண்ணி வீட்டுத் தண்ணி? ஞானக்கண்ணால பாத்துச் சொல்லுங்க சாமி."

ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றது கலங்கல். சித்தர் கலங்கலைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுதான்! உள்ளே நோய் நெளியுது பாருங்க!"

"நல்லாப் பாத்தீங்களா?"

"என் தவத்து மேல சத்தியம்!"

வீட்டுக்காரர் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தார். புள்ளி. "இது... நான் டிரம்முல மொண்டதாச்சே!"

நாத்தனார் கிருமிகளின் மரபணுவைக் கோடுகோடாகக் காட்டிய படத்தை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். "இது உங்க வயித்துல இருந்த கிருமி. இது டிரம்முல இருந்த கிருமி. கோட்டுக்குக் கோடு ஒண்ணா இருக்கா? குழாய்த் தண்ணியில கிருமியே இல்ல. எங்க அண்ணி செஞ்ச ஒரே தப்பு, சாமி தண்ணியைக் குடிக்காததுதான்."

சித்தர் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கையைக் காட்டுய்யா! கழுவுனியா இல்லையா?" என்று கூட்டம் பாய்ந்தது.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "நீ இருந்துக்கம்மா..."

"இருக்கேன். அண்ணே, நீங்க முதல்ல போய்ப் படுங்க" என்றபடி தையல்காரி புது ஊசி மாட்டினாள்.

இப்போது அந்தத் தெருவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள். காதில் ஊற்றும் பேச்சையும் ஒரு கொதி விட்டு வாங்கினால் என்னவாம்?